யார் கொடுத்த பட்டியல்?

அரியலூரில் தஞ்சாவூர் பஸ் ஏறினால், சிமெண்ட் லாரிகளுக்கு வழிவிட்டு ஒதுங்கி ஒதுங்கிப் போகிற பஸ் கீழப்பழுவூரில் நிற்கும். பக்கத்திலேயே மேலப்பழுவூர். கல்கியின் பெரிய பழுவேட்டரையரும் சின்னப் பழுவேட்டரையரும் இந்த ஊர்க்காரர்கள். அந்தக் குலத்தார் கட்டிய கோயில்கள் இன்னும் நிற்கின்றன. 'பொன்னியின் செல்வ'னைக் கரைத்துக் குடித்தவர்களிலேயே சிலர் பழுவூரைக் கல்கியின் கற்பனை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் ஒருவரிடம் வாழ்நாளில் பிடித்த நூல்கள் எவை என்று கேட்டால், பெரும்பாலும் முதலில் வந்து விழுவது இந்த நாவலின் பெயர்தான். தமிழ்நாட்டில் எங்கே கேட்டாலும் அப்படித்தான். எனக்கு அந்தப் பதிலைவிட, அந்தக் கேள்வி இங்கே சகஜமாகிவிட்டதுதான் ஆச்சரியம். பிடித்த நூல் எது என்று சொல்ல வேண்டுமானால், பிடிக்காத நூல்களும் நாலு கையில் கிடைத்திருக்க வேண்டும். மழையை நம்பிப் பருத்தியும் சோளமும் போடுகிற இந்தப் பூமியில் அந்த வசதி வந்து ரொம்ப காலம் ஆகவில்லை.

குன்னம், 1860-கள்

உ.வே.சாமிநாதையர் 1855-ல் பிறந்தார்; ஊர் உத்தமதானபுரம். பள்ளிப் பாடத்தில் இவ்வளவுதான் வரும். அவர் தமிழுக்குள் நுழைந்த வழி அரியலூர், குன்னம், செங்கணம் என்று நம் பக்கத்து ஊர்கள் வழியாகப் போனது என்பதை 'என் சரித்திரம்' படித்தால்தான் தெரியும். அப்பா வேங்கடசுப்பையர் சங்கீதக்காரர். உடையார்பாளையம் ஜமீனில் இருந்த கனம் கிருஷ்ணையரிடம் பயின்றவர். பாட்டும் கதாகாலட்சேபமும்தான் பிழைப்பு. குடும்பம் ஊர் ஊராக இடம் மாறியது. அதற்குப் பிழைப்பு ஒரு காரணம் என்றால், பையனின் தமிழ் ஆசை இன்னொரு காரணம். இன்ன ஊரில் தமிழ் படித்தவர் ஒருவர் இருக்கிறார் என்று காதில் விழுந்தால், அந்த ஊருக்கு மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

அரியலூரில் சடகோபையங்கார், பையனுக்குத் தமிழின் ருசியைக் காட்டியவர் அவர். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை. கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடம் நன்னூல். பெரம்பலூருக்குப் பக்கத்துச் செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக்காரிகை. ரெட்டியார் நிலபுலன் உள்ளவர், தமிழில் ஆழ்ந்தவர். தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்த கையோடு, இதற்கு மேல் வேண்டுமென்றால் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போ என்று வழியும் காட்டிவிட்டார்.

இந்தக் கதையில் முதலில் வருவது ஆளின் பெயர், அதற்கப்புறம்தான் நூலின் பெயர். அன்றைக்குப் புத்தகம் என்பது ஒரு மனிதரிடம் இருந்தது: அவர் வீட்டுப் பரணில் ஏடாக, அல்லது அவர் மனத்தில் பாடமாக. அச்சுப் புத்தகங்கள் வந்துவிட்ட காலம்தான். ஆனால் குன்னத்துக்கு அவை எத்தனை வந்திருக்கும்? ஆகவே பையன் எந்த நூலைப் படிப்பது என்பதை அந்த ஊரில் யார் இருக்கிறார் என்பது முடிவு செய்தது. கிடைத்த நூலைத் திரும்பத் திரும்பப் படிப்பார்கள், மனப்பாடம் செய்வார்கள். மனப்பாடமாகிவிட்ட நூல் பிடித்த நூல். பிடிக்கவில்லை என்று மூடி வைத்துவிட்டு வேறொன்றை எடுக்க வேறொன்று கிடையாது.

அதற்கும் ஒன்றரை நூற்றாண்டு முன்னால், கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சியில் ஒருவர் இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்த்துக்கொண்டார். இத்தாலியிலிருந்து வந்த பெஸ்கி பாதிரியார், நமக்கு வீரமாமுனிவர். அந்த ஊரைத் திருக்காவலூர் என்று பாடியவர். 'தேம்பாவணி'யும், சொற்களை அகரவரிசையில் அடுக்கிய 'சதுரகராதி'யும் (1732) அவர் ஆக்கியவை. தனக்கு வேண்டிய நூல் இல்லையென்றால் எழுதிக்கொள்வது என்ற ஆள். தமிழ் நூல்களில் எதை ஐரோப்பாவுக்கு எடுத்துச் சொல்வது என்று வந்தபோது திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தார். காமத்துப்பாலை விட்டுவிட்டார். எல்லாருடைய பட்டியலையும் போல, விட்டதும் அவரைப் பற்றிச் சொல்கிறது.

முன்சீப் கேட்ட கேள்வி

தமிழில் 'பிடித்த நூல்' பேச்சு என்று எடுத்தால், என்னைக் கேட்டால், அதன் உச்சக் காட்சி 1880 அக்டோபர் 21 அன்று கும்பகோணத்தில் நடந்தது. சேலம் இராமசுவாமி முதலியார் அந்த ஊருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்தார். எங்கிருந்து தெரியுமா? அரியலூரிலிருந்து. அவரைப் போய்ப் பாருங்கள் என்று திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகர் சொன்னதால் சாமிநாதையர் போனார். அப்போது அவருக்கு வயது 25. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைத்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். இவர் அடுக்கினார்: அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், உலாக்கள், புராணங்கள், இலக்கணங்கள். மகாவித்துவானிடம் பாடம் கேட்ட பெருமையோடு சொன்ன நீண்ட பட்டியல். முதலியார் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. இதெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்கிற மாதிரி கேட்டுவிட்டார். இவை எல்லாம் பிற்காலத்து நூல்கள். இவற்றுக்கு மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா? சீவக சிந்தாமணி? சிலப்பதிகாரம்? மணிமேகலை? ஒன்றும் இல்லை. பிறகு முதலியாரே சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதி ஒன்றைக் கொடுத்தார். இவர் எடுத்துப் படித்தால் புரியவில்லை. சமணக் காப்பியம்; இவர் படித்து வளர்ந்த உலகம் வேறு. கும்பகோணத்தில் இருந்த சமணர்களைத் தேடிப் போய்க் கேட்டுக் கேட்டுத் தெளிந்தார். 1887-ல் சிந்தாமணியைப் பதிப்பித்தார். பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898.

25 வயதில் அவர் ஒப்பித்த பட்டியலில் பொய் இல்லை. உண்மையாகவே அவருக்கு உயிரான நூல்கள் அவை. ஆனால் கைக்கு எட்டியவற்றில் பிடித்தவை. கைக்கு எட்டாத நூல் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. அதைத் தெரிவிக்க வெளியிலிருந்து ஒரு ஆள் வர வேண்டியிருந்தது. கற்றுக்கொடுத்தவர்களும் நம் பக்கத்துக்காரர்கள். கற்றது போதாது என்று சொன்னவரும் அரியலூர்க் கோர்ட்டில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனவர்.

பைண்டு வால்யூமும் தேதிச் சீட்டும்

அடுத்த நூறு வருஷத்தில் ஆளின் இடத்துக்குப் பத்திரிகையும் நூலகமும் வந்தன.

'பொன்னியின் செல்வன்' 1950-லிருந்து 1954 வரை கல்கி இதழில் வாரா வாரம் வந்தது. தபாலில் வரும் அந்த ஒரு இதழைத் தெருவே சுற்றிப் படிக்கிற வழக்கம் ஊர் ஊருக்கு இருந்தது. படித்து முடித்ததும் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்து அடுக்கி, சாக்கு ஊசியால் தைத்து, காலிகோ ஒட்டி பைண்டு செய்துவிடுவார்கள். அப்படிப்பட்ட ஒரு வால்யூமை இன்றைக்குப் புரட்டினால் ஒரு காலமே வருகிறது. அத்தியாயத்தின் தலையில் மணியம் வரைந்த படம். பக்கத்தின் ஓரத்தில் ஒரு துணுக்கு. பின்பக்கத்தில் தலைவலி மருந்து விளம்பரம். அத்தியாயத்துக்கு அத்தியாயம் தாளின் நிறம் வேறு. நடுவில் ஒரு வாரத்து இதழ் தவறியிருந்தால் கதையில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தைப் பாட்டி வாயால்தான் நிரப்புவார். அச்சுப் புத்தகமாக வாங்கிய பிரதியைவிட இந்த வால்யூமைத்தான் வீட்டில் பெட்டியில் பத்திரமாக வைத்துக் காப்பாற்றினார்கள். வாரா வாரம் காத்திருந்த நாலு வருஷத்தையும் அதில் சேர்த்துத் தைத்திருந்தார்கள்.

கல்கிக்குப் பிறகு அகிலன் 'வேங்கையின் மைந்த'னில் இராஜேந்திரனைக் கையில் எடுத்தார். 1963-ல் அதற்குச் சாகித்திய அகாதெமி பரிசு. ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில், வயல்களுக்கு நடுவே தனியாக நிற்கிற கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் ஒரு காலத்தில் தலைநகரின் மையம் என்பதை இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் வரலாற்றுப் பாடத்தில் படிப்பதற்கு முன்னால் வாரப் பத்திரிகைக் கதைகளில் தெரிந்துகொண்டார்கள்.

இன்னொரு வழி நூலகம். மதராஸ் பொது நூலகச் சட்டம் 1948-ல் வந்தது. அதன் பின்னால் சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதனின் உழைப்பு இருந்தது. சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாக, ஊர்களில் கிளை நூலகங்கள் கிளம்பின. ஆனாலும் பெரம்பலூரும் அரியலூரும் 1995 வரை திருச்சி மாவட்டத்துத் தாலுகா ஊர்கள். பெரிய நூலகம் பார்க்க வேண்டுமென்றால் திருச்சிக்குப் போக வேண்டும். 1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டமானது. அரியலூரின் கதை இன்னும் வேடிக்கை: 2001-ல் மாவட்டமாகப் பிரித்தார்கள், 2002-ல் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள், 2007 நவம்பரில் மறுபடி பிரித்தார்கள்.

அந்தக் காலத்துக் கிளை நூலகத்தில் ஊருக்குப் பிடித்த நூல் எது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. கடைசி அட்டையின் உள்பக்கத்தைத் திறந்தால் போதும். அங்கே ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டில் ஊதா மையில் முத்திரை மேல் முத்திரையாக விழுந்திருக்கும். சாண்டில்யன் நாவல்களுக்குச் சீட்டு நிரம்பி, அதன் மேல் இன்னொரு சீட்டு ஒட்டியிருப்பார்கள். அதே அலமாரியில் எத்தனையோ நல்ல நூல்கள் வெள்ளைச் சீட்டோடு உட்கார்ந்திருக்கும். சீட்டு பொய் சொல்லாது; யார் எதைப் படித்ததாகச் சொல்லிக்கொண்டார்கள் என்பது அதில் இல்லை, எதை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள் என்பது இருக்கிறது.

ஆனால் அந்த அலமாரியில் எது வரும் என்பதை ஊர் தீர்மானிக்கவில்லை. பதிப்பகத்தார் பேச்சில் 'லைப்ரரி ஆர்டர்' என்று ஒன்று உண்டு. எந்தெந்த நூலை வாங்குவது என்று சென்னையில் முடிவாகும். மூட்டை இங்கே வந்து இறங்கும். பத்திரிகை ஆசிரியர் ஒரு பக்கம், ஆர்டர் போட்ட குழு ஒரு பக்கம். விருத்தாசல ரெட்டியாருக்காவது பையனின் முகம் தெரியும். இவர்களுக்குத் தெரியாது.

க.நா.சுப்ரமண்யம் போன்றவர்கள் நல்ல நூல் பட்டியல் போடத் தொடங்கியதும் இந்தக் காலத்தில்தான். 'படித்திருக்கிறீர்களா?' என்றே ஒரு கட்டுரைத் தொகுதிக்குத் தலைப்பு வைத்தார். அவர் பட்டியலைத் திட்டினார்கள், கேலி செய்தார்கள். ஆனால் திட்டுவதற்காகவாவது தேடிப் படித்தார்கள். முதலியார் ஒருவரிடம் கேட்டதை அவர் எல்லாரிடமும் கேட்டார்.

பந்தலும் போனும்

2006-க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் ஒரு நூலகக் கட்டடம் வந்தது. சில ஊர்களில் நன்றாக நடந்தது. பல ஊர்களில் பூட்டுத் தொங்கியதையும் பார்த்தோம். 2012-ல் தரேஸ் அகமது ஆட்சியராக இருந்தபோது பெரம்பலூரில் புத்தகத் திருவிழா தொடங்கியது. நெய்வேலிக்கோ ஈரோட்டுக்கோ பஸ் ஏறிக்கொண்டிருந்தவர்களுக்கு ஊருக்குள்ளேயே பந்தல். அரியலூரிலும் பிறகு திருவிழா வந்தது. 2022-லிருந்து எல்லா மாவட்டங்களிலும் நடத்துவது என்று அரசே எடுத்துக்கொண்டது.

பந்தலுக்குள் ஒரு சாயங்காலம் நின்று பாருங்கள். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வருகிறார்கள். கையில் ஐம்பது ரூபாய், நூறு ரூபாய். ஒரு எட்டாம் வகுப்புப் பெண் விலையைத்தான் முதலில் பார்க்கிறாள், பிறகு அட்டையை, பிறகு பத்து சதவீதக் கழிவு போக எவ்வளவு என்று விரலில் கணக்குப் போடுகிறாள். ஒரு புத்தகத்தை எடுக்கிறாள், வைக்கிறாள், நாலு கடை சுற்றிவிட்டு வந்து அதையே வாங்குகிறாள். குன்னத்துப் பையனுக்குக் கிடைக்காதது இந்த வைப்பதும் எடுப்பதும். இவள் வேண்டாம் என்று நாலைத் தள்ளிவிட்டு ஒன்றை எடுத்திருக்கிறாள். இந்த மண்ணில் அது சின்ன விஷயம் இல்லை.

அந்தப் பந்தலில் 'பொன்னியின் செல்வ'னைக் கடைக்குக் கடை பார்க்கலாம். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானதால் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். மலிவுப் பதிப்பும் கெட்டி அட்டைப் பதிப்பும் போட்டி போடுகின்றன. 2022-லும் 2023-லும் மணிரத்னம் படம் இரண்டு பாகமாக வந்ததில் இன்னொரு தலைமுறையும் சேர்ந்துகொண்டது.

போனைத் திறந்தால் பந்தலே சின்னது. மதுரைத் திட்டம் 1998-லிருந்து தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கி இலவசமாகத் தருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய அச்சுப் பிரதிகளைப் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். ஏழு வருஷம் பாடுபட்டு ஒருவர் பதிப்பித்த சிந்தாமணியைக் குன்னம் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டே இறக்கிக்கொள்ளலாம்.

ஆனால் நூலகத்தில் போய்ப் பாருங்கள், நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள். அவர்கள் முன்னால் இருப்பது கைடு. குறை சொல்ல எனக்கு மனம் வராது. மருத்துவப் படிப்புக்காக உச்ச நீதிமன்றம் வரை போய், 2017 செப்டம்பர் 1 அன்று உயிரை விட்ட அனிதா, அரியலூர் மாவட்டத்துக் குழுமூர்ப் பெண். அந்த ஊரில் இன்று அவர் பெயரில் நூலகம் இருக்கிறது. இந்தப் பக்கத்துப் பிள்ளைக்குப் புத்தகம் முதலில் வேலைக்கும் படிப்புக்கும் ஏணி, ரசனை பிறகுதான். அந்தக் கைடிலும் ஒரு பக்கத்தில் 'சதுரகராதி – வீரமாமுனிவர்' என்று பொருத்துக வினா வரும். பிள்ளைகள் கோட்டைச் சரியாக இழுத்துவிடுவார்கள். ஏலாக்குறிச்சி அரியலூரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம் என்பது வினாவில் இல்லை.

கிடைத்ததும் போனதும்

அன்றைக்கு நூல் அரிது, அதைக் கொடுக்கிற ஆள் தெரிந்தவர். இன்றைக்கு நூல் ஏராளம், கொடுக்கிற ஆள் முகமில்லாதவர். போன் நமக்குக் காட்டுவது நாம் ஏற்கெனவே ரசித்ததைப் போன்ற இன்னொன்று. பந்தலில் முன்வரிசையில் அடுக்குவது போன வருஷம் விற்றது. இரண்டும் நம் ரசனையைத் தடவிக்கொடுக்கின்றன; இதைப் படித்து என்ன பிரயோசனம் என்று இரண்டும் கேட்பதில்லை. அதனால்தான் நூல்கள் இத்தனை பெருகியும், பத்துப் பேரின் பட்டியலை வாங்கிப் பார்த்தால் ஏழெட்டுப் பெயர் ஒன்றாகவே இருக்கிறது. எஸ்.ராமகிருஷ்ணனும் ஜெயமோகனும் போட்ட பட்டியல்கள் இருக்கின்றன. அவற்றைப் படிக்காமலே பகிர்கிறவர்கள்தான் அதிகம், க.நா.சு.வுக்குக் கிடைத்த சண்டைகூட இவர்களுக்குச் சரியாகக் கிடைக்கவில்லை.

என் பட்டியலைக் கேட்டால் முதலில் 'என் சரித்திரம்'. ஆனந்த விகடனில் 1940-லிருந்து 1942 வரை தொடராக வந்தது, புத்தகமானது 1950-ல். அதைப் படித்துவிட்டுக் குன்னத்துக்கும் செங்கணத்துக்கும் போகிற பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் பார்த்தால் ஊர் வேறாகத் தெரிகிறது. அடுத்தது 'கலிங்கத்துப்பரணி', கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்ட முதற்குலோத்துங்கன் காலத்துப் போர், பேய்களின் வாய்வழியாகச் சிரிப்பும் பயமுமாக வருகிறது. 'பொன்னியின் செல்வ'னையும் நான் பட்டியலிலிருந்து எடுத்துவிட மாட்டேன். பதினாலு வயதில் என்னைப் படிக்கிறவனாக ஆக்கியது அது. நன்றியை மதிப்பெண்ணோடு குழப்பிக்கொள்ளாமல் வைத்திருக்கிறேன். இருபது வருஷம் முன்பு இந்தப் பட்டியலில் 'என் சரித்திரம்' இல்லை. பெரிய புத்தகம், கிழவர் கதை என்று தள்ளி வைத்திருந்தேன். நண்பர் ஒருவர், சொந்த ஊரைப் பற்றித் தெரியாமல் என்ன படிக்கிறாய் என்று ஒரு நாள் எரிச்சலோடு கேட்டதில்தான் எடுத்தேன்.

பள்ளிகளிலும் நூலகங்களிலும் புத்தகத் திருவிழா மேடைகளிலும் பிள்ளைகளிடம் பட்டியல் கேட்கிறார்கள். நல்ல காரியம். கேட்கிறவர் தலையாட்டிக் கைதட்டிவிட்டுப் போகாமல் முன்சீப் மாதிரி ஒரு கேள்வி கேட்டு, ஒரு நூலின் பெயரையும் சொல்லிவிட்டுப் போனால் இன்னும் நல்லது. 25 வயதில் தன் பட்டியல் முடிந்துவிட்டது என்று நினைத்தவர் 32-ல் சிந்தாமணியையும் 39-ல் புறநானூற்றையும் நம் கையில் கொடுத்தார். ஆகவே 'எல்லாக் காலத்துக்கும் பிடித்தவை' என்று எழுதுகிறவர்கள், அந்தத் தாளின் கீழே அன்றைய தேதியைப் போட்டு வைக்கட்டும். ஐந்து வருஷம் கழித்து இன்னொரு முறை எழுதட்டும். இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால், இடையில் அவர்கள் ஒன்றும் படிக்கவில்லை என்று அர்த்தம்.